சாக்குக்கு ஒரு ஆழாக்கு

எனக்குக் கல்யாணம் ஆனபோது கட்டில், பீரோ, கிரைண்டர், பித்தளைப் பாத்திரங்கள், ஒரு மோட்டார் சைக்கிள், நான் என்று எல்லாரும் ஒரே நாளில் வடகரையிலிருந்து தென்காசிக்கு வந்து இறங்கினோம். வந்த நாளிலிருந்து எங்களுக்கெல்லாம் ஒரே சட்டம்தான். கிரைண்டர் ஒழுங்காக அரைத்தால் அது "நம்ம கிரைண்டர்". மாவு பாதியில் இருக்கும்போது நின்றுபோனால் "ஒங்க வீட்டு கிரைண்டர்". பீரோவின் கைப்பிடி கழன்ற அன்று அது எங்கள் அப்பா வீட்டுப் பீரோவாக இருந்தது. திருகி மாட்டியதும் மறுபடி நம்ம பீரோ ஆகிவிட்டது. கடைக்காரர் தருகிற வாரண்டி ஒரு வருஷத்திலோ இரண்டு வருஷத்திலோ முடிந்துவிடும். பெண்ணைப் பெற்றவர் தருகிற வாரண்டிக்கு முடிவே கிடையாது.

இந்தச் சட்டத்தில் அதிகம் அடிபட்டது மோட்டார் சைக்கிள்தான். டயர் பஞ்சரானால் உங்க வீட்டு வண்டி. பெட்ரோல் தீர்ந்து நடுரோட்டில் நின்றாலும் உங்க வீட்டு வண்டி. பெட்ரோல் போட வேண்டியதும் எங்கள் அப்பாவா என்று ஒருமுறை கேட்டேன். என் கணவருக்கு அது கேள்வியாகவே படவில்லை. அதே வண்டியைத் துடைத்துப் பளபளவென்று கடை வாசலில் நிறுத்தி, யாராவது வண்டி நல்லா இருக்கே என்றால் மட்டும், "நம்ம வண்டிதாம்" என்பார். அவருக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. மூலப்பத்திரத்தையும் நகலையும் பிரித்துப் பார்ப்பதே பிழைப்பு. ஆனால் வண்டி விஷயத்தில் எது யாருடையது என்பது மட்டும் அவருக்கு நாளுக்கொரு தினுசாகத் தெரிந்தது.

உண்மையில் அப்பா வாங்கித்தர நினைத்தது ஸ்கூட்டர். இலத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை, பிள்ளை போய்வர வசதியாக இருக்குமே என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டில் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஸ்கூட்டரை மாப்பிள்ளை ஓட்டினால் நன்றாகவா இருக்கும் என்றார்கள். நான் ஓட்டிப்போக அப்பா எடுத்துவைத்த பணத்தில், என்னைப் பின்னால் உட்காரவைக்கிற வண்டி வந்தது.

எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கல்லூரியில் படிக்கும்போதே அப்பாவின் பழைய வண்டியில் தேங்காய் மூட்டையைக் கட்டிக்கொண்டு வடகரை வாய்க்கால் கரையில் போய்வந்தவள் நான். என் கணவர் இதைச் சிநேகிதர்களிடம் பெருமையாகவே சொல்வார். சாவியைக் கேட்டால் மட்டும் பெருமை போய்விடும். "கியர் வண்டிட்டி. நாலு பேரு பாத்தா என்ன நெனப்பான்" என்பார். அந்த நாலு பேர் யாரென்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்காக நான் தினமும் பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ் தவறினால் இவர் மனது வைத்துக் கொண்டுபோய் விடவேண்டும். அவர் மனது வைப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை முடிந்து, தலைமை ஆசிரியை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அந்தச் சாவி வேண்டும். அதைத் தவிர அந்த வீட்டில் நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை.

போன வருஷம் சாரல் தொடங்குகிற சமயத்தில் வண்டி மூக்கைக் குத்த ஆரம்பித்தது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் பொத்தென்று கீழே இறங்கும். வேகத்தடையில் ஏறினால் உள்ளே இரும்போடு இரும்பு முட்டி டங்கென்று சத்தம் கேட்கும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரண்டு குழாய்களுக்குள்ளும் ஸ்பிரிங்கோடு எண்ணெய் இருக்கிறது. ஃபோர்க் ஆயில் என்று அதற்குப் பெயர். வண்டி வந்த நாளிலிருந்து அதை யாரும் மாற்றவில்லை. ஷாக் அப்சார்பர் என்று முழுசாகச் சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது. சாக்கு என்றுதான் சொல்வோம். தமிழில் சாக்குக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. என் கணவரின் வண்டியில் முதல் சாக்கு வறண்டு போயிருந்தது. அவரிடம் இரண்டாவது சாக்குக்கு என்றைக்கும் குறை வந்ததில்லை.

"ஏட்டி, ஒங்க வீட்டு வண்டி தல குனியுது" என்றார். மெக்கானிக்கிடம் விடலாமே என்றேன். மெக்கானிக் எதற்கு, அண்ணன் இருக்கான் என்றார்.

அண்ணன் என்றால் என் பெரிய அத்தான். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து அடுத்த தெருவில் இருக்கிறார். ராணுவத்தில் அவர் இருந்தது அரிசி பருப்பு அளந்து கொடுக்கிற ரேஷன் பிரிவில். ஆனால் பேச்சைக் கேட்டால் எல்லையில் ஓடிய வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் எண்ணெய் மாற்றினார் என்று தோன்றும். பனியில் உறைந்த வண்டி, பள்ளத்தில் விழுந்த வண்டி, எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போது பழுது பார்த்த வண்டி என்று அவரிடம் நிறைய உண்டு. எதிரி ஏன் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான் என்று மட்டும் அவர் சொன்னதில்லை.

வண்டியோடு வந்த கையேடு அதன் பிளாஸ்டிக் உறை கிழியாமல் சீட்டுக்கு அடியில் கிடந்தது. என்ன எண்ணெய், எவ்வளவு எண்ணெய் என்று அதில் தமிழிலேயே அச்சிட்டிருந்தது. ஆனால் எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கையேட்டைப் படிப்பது வழிப்போக்கரிடம் வழி கேட்பதுபோல, கௌரவக் குறைச்சல். இரண்டு பேரும் நேராக எண்ணெய்க் கடைக்குப் போனார்கள்.

அன்று மத்தியானம் ஆசிரியர் அறையில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் போன் அடித்தது. கை எச்சிலாக இருந்ததால் பக்கத்தில் இருந்த டீச்சர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

"ஏட்டி, இப்ப ஒன் வெயிட் எவ்வளவு?"

அறையில் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். எதற்கு என்று கேட்டேன்.

"வண்டிக்கு எண்ணெ வாங்குதோம். பத்து டபிள்யூ இருக்கு, இருபது டபிள்யூ இருக்கு. டபிள்யூன்னா வெயிட்டுன்னு அண்ணன் சொல்லுதான். ஒத்த ஆளுக்குப் பத்தாம், டபுள்ஸ் போனா இருபதாம். ஒனக்கு இருபது காணுமான்னு சந்தேகமா இருக்கு."

நான் உட்காருவது பின்னால், எண்ணெய் ஊற்றப்போவது முன்னால், இதில் என் எடை எங்கே வருகிறது என்று கேட்டேன். பின்னால் ஒரு சத்தம் கேட்டது, அத்தான் ஏதோ விளக்கம் சொன்னார், லைன் போய்விட்டது. தமிழ் டீச்சர் தலையைக் குனிந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் தோள் குலுங்கியது. எனக்கு அன்று வந்த கோபத்துக்கு அளவில்லை. போனில் தேடிப் பார்த்தேன். அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தாம். குளிரில் எண்ணெய் எவ்வளவு இறுகும் என்பதற்கான எண். பனிமலையில் இருந்துவிட்டு வந்தவருக்குக் குளிர்காலம் தெரியவில்லை, தம்பி பெண்டாட்டியின் எடை தெரிந்திருக்கிறது.

இதைச் சாயந்திரம் சொன்னேன். கையேட்டை எடுத்து, பத்து என்றுதான் போட்டிருக்கிறது என்று காட்டவும் செய்தேன். அது கம்பெனிக்காரன் வடநாட்டு ரோட்டுக்குப் போட்டது என்று அத்தான் சொல்லிவிட்டார். இருபது டபிள்யூவில் ஒரு லிட்டர் டப்பா ஏற்கெனவே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. எண்ணெய் மாற்றுவதற்கு முன்னால் இரண்டு பேரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார்கள். பிறகு முன்சக்கரத்தைக் கழற்றி, கால் என்று சொல்கிற அந்த இரண்டு குழாய்களையும் உருவி, மேல்மூடியைத் திறந்து, என் பழைய அலுமினியச் சட்டியில் கவிழ்த்தார்கள். வந்தது எண்ணெய் என்று சொல்ல முடியாது. சாம்பலைக் கரைத்ததுபோல ஒன்று, கருவாட்டு வாடையோடு நூலாக ஒழுகியது. "பாத்தியா, ஒங்க வீட்டு வண்டிக்குள்ள இருக்கத" என்றார் என் கணவர். இத்தனை வருஷம் ஓட்டியவர் அவர். அழுக்கு மட்டும் வடகரையிலிருந்து வந்ததாம்.

அளப்பதற்குக் குப்பி இல்லை. அங்கேதான் அத்தானின் ரேஷன் பிரிவு கைகொடுத்தது. கையேட்டில் மில்லிக் கணக்கைக் கடைசியில் அவர் பார்த்தார், யாரும் பார்க்காத நேரத்தில்தான். ஒரு காலுக்கு நூற்று எழுபதுக்குப் பக்கம். அவர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டு, அது ஆழாக்கு, இரண்டு சாக்குக்கும் சேர்த்து ஒரு உழக்கு என்றார். நியாயமாகச் சொல்லவேண்டும், அது சரியான கணக்கு. எங்கள் பக்கத்தில் அரிசி அளக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு என்பார்கள். சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட்டதால் போனைக் காதில் வைத்துக்கொண்டு அத்தான் தெருமுனைக்குப் போய்விட்டார்.

என் கணவர் அடுக்களைக்கு வந்து உழக்கை எடுத்தார். என் பித்தளை உழக்கு, சீரில் வந்தது. அன்றைக்கு அது நம்ம உழக்கு. அதில் எண்ணெயை நிரப்பி ஒரு காலில் ஊற்றினார். மறுபடி நிரப்பி இன்னொரு காலிலும் ஊற்றினார். நான் வாசல்படியில் நின்று, சேர்த்துத்தானே உழக்கு, ஒன்றுக்கு ஆழாக்குதானே என்று கேட்டேன். கொறைச்சா ஒங்கப்பா வண்டி தாங்காது என்றார். குழாயின் வாய்வரைக்கும் எண்ணெய் வந்தது. வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டு மூடியை இறுக்கினார். அத்தான் திரும்பி வந்து, ஹேண்டிலை அமுக்கிப் பார்த்து, கல்லு மாதிரி நிக்குது என்று மெச்சினார். அப்படி நிற்கக்கூடாது என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அடுத்தது சோதனை ஓட்டம். குற்றாலம் வரைக்கும் போய்வரலாம் என்றார் என் கணவர். நான் வரவில்லை என்றேன். வெயிட்டு வேணும்லா, இல்லன்னா எப்படி டெஸ்ட் பண்ண என்றார். வெயிட்டாக நான் ஏறி உட்கார்ந்தேன்.

சீசன் ஞாயிற்றுக்கிழமை. தலையில் துண்டும் உடம்பில் எண்ணெயுமாக ஊரே அருவிக்குப் போய்க்கொண்டிருந்தது. சாரல் முகத்தில் அடித்தது. முதல் வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கியபோது இவர் இரண்டு கைகளையும் உதறிக்கொண்டார். உழக்கு ஊற்றியதில் சாக்கு உலக்கையாகிவிட்டது. அமுங்குவதற்கு உள்ளே இடமே இல்லை. இரண்டாவது வேகத்தடையில் டப்பென்று ஒரு சத்தம். அதன் பிறகு சவாரி சொகுசாகத்தான் இருந்தது. பாத்தியா, இப்ப செட் ஆயிட்டு என்றார். என் புடவைக் கரையில் ஈரம் தெறித்தது. சாரல் என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தபோது வழவழவென்று இருந்தது. உள்ளே இடமில்லாத எண்ணெய் குழாயை அடைத்திருக்கிற ரப்பர் சீலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, முன்சக்கரத்தின் பிரேக் தகட்டின்மேல் வழிந்துகொண்டிருந்தது.

நான் சொல்லி முடிப்பதற்குள் முன்னால் போன சுற்றுலா பஸ் நின்றுவிட்டது. இவர் பிரேக்கைப் பிடித்தார். வண்டி நிற்கவில்லை. பஸ்ஸின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பயந்துபோனேன். இவரைப் பார்த்துச் சிரிக்கிறவள் அந்த நிமிஷம் இவர் சட்டையைத்தான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பின்பிரேக்கை மிதித்து ஹேண்டிலை இடதுபக்கம் ஒடித்தார். வண்டி சறுக்கி, ரோட்டோரப் பழக்கடையில் ரம்புட்டான் குவியலுக்குள் மூக்கைச் செருகி நின்றது. நான் பழங்களின்மேல் உட்கார்ந்திருந்தேன். இவர் முழங்கை சிராய்த்திருந்தது. வேறு ஒன்றுமில்லை. 

கூட்டம் சேர்ந்தது. எனக்கு அடிபட்டதா என்று அவர் கேட்கப்போகிறார் என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"மாமனாரு வீட்டுல குடுத்த வண்டி. பின்ன எப்படி இருக்கும்?"

நாலு பேர் தலையாட்டினார்கள். இத்தனை வருஷமாக நான் தேடிய நாலு பேர் இவர்கள்தான் போலிருக்கிறது. பழக்கடைக்கார அம்மாள் மட்டும் தலையாட்டவில்லை. உருண்டுபோன பழங்களை முறத்தில் பொறுக்கிக்கொண்டே நிமிராமல் கேட்டார்.

"குடுத்தது மாமனாரு. எண்ணெய ஊத்துனது ஆரு?"

இவர் பர்ஸை எடுத்தார். நசுங்கிய பழங்களையெல்லாம் வாங்கிக்கொண்டு, வண்டியைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி, நாங்களும் அதிலேயே திரும்பினோம். டிரைவருக்குப் பக்கத்தில் இவர், பின்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டு நான். எண்ணெய் வழிய, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சொல்லக் கேட்க ஆளில்லாமல் நின்றது அது. எனக்கு அதன்மேல் பாவமாக இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து என்னோடு வந்த பொருள். நான் வாங்கிய பேச்சையெல்லாம் அதுவும் வாங்கியிருக்கிறது.

வீட்டில் இரண்டு நாள் விசாரணை நடந்தது. சேர்த்து உழக்கு என்றேனே என்று அத்தான் சொன்னார். சேர்த்து என்ற வார்த்தையே காதில் விழவில்லை என்று இவர் சொன்னார். சண்டை முற்றும்போலத் தெரிந்தபோது இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்து சமாதானமானார்கள். வண்டியே சரியில்லை. வடகரைக்காரர் பார்த்து வாங்கவில்லை. அண்ணன் தம்பியைச் சேர்த்துவைக்க எங்கள் அப்பாவைவிட்டால் அந்த வீட்டில் ஆள் கிடையாது. இவ்வளவுக்கும் அப்பா போன் பண்ணி, மாப்பிள்ளைக்கு அடி ஒன்றும் இல்லையே, வேண்டுமானால் வண்டியை மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இந்த வண்டி எனக்கு வேண்டும் என்றேன். எனக்கு என்று சொன்னதை அப்பா கவனித்தாரா தெரியவில்லை. சரி என்றார்.

மெக்கானிக்கை நானே கூப்பிட்டேன். வண்டியை மறுபடி ரோட்டில் கொண்டுபோகக் கூச்சமாக இருக்கிறது, வீட்டுக்கு வாருங்கள் என்று இவர் சொல்லச் சொன்னார், அதையும் சொன்னேன். எண்ணெய்க் கடைக்கும் நானே போனேன். பத்து டபிள்யூ கேட்டேன். அன்று போனில் எடை கேட்கப்பட்டவள் நான்தான் என்று கடைக்காரர் ஊகித்திருக்க வேண்டும். என்னை ஒருமுறை பார்த்தார், டப்பாவை ஒருமுறை பார்த்தார், எடுத்துக் கொடுத்தார்.

மெக்கானிக் புது சீல் போட்டார், பிரேக் கட்டை மாற்றினார், தகட்டைத் துடைத்தார். அளவுக் குப்பி கொண்டுவரவில்லை, சிரிஞ்ச் எடுத்துவரட்டுமா என்று கேட்டார். நான் அடுக்களைக்குப் போய் ஆழாக்கைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தேன். அவர் காலைப் பிடித்துக்கொள்ள, நான் ஒன்றில் ஒரு ஆழாக்கு, இன்னொன்றில் ஒரு ஆழாக்கு ஊற்றினேன். புது எண்ணெய் தேன் நிறத்தில் சத்தமில்லாமல் இறங்கியது. அத்தான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, பனியில் நாங்க இப்படி இல்ல என்று ஆரம்பித்தார். யாரும் திரும்பிப் பார்க்காததால் தானே நிறுத்திக்கொண்டார்.

சக்கரத்தை மாட்டி, முன்பிரேக்கைப் பிடித்து அமுக்கினால் வண்டி மெத்தென்று இறங்கி, அவசரமில்லாமல் நிமிர்ந்தது. இவ்வளவு நேரம் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் அப்போது வெளியே வந்தார். கையை நீட்டினார்.

"ஏட்டி, சாவியக் கொண்டா. நம்ம வண்டிய ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வாரேன்."

நம்ம வண்டி. அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை. சாவி என் முந்தானையில் முடிந்திருந்தது.

"இது எங்க வீட்டு வண்டி. இத்தன வருசமா நீங்கதான் சொன்னீய. சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

நாலு பேர் என்று ஆரம்பித்தார். நாலு பேரைத்தான் குற்றாலத்தில் பார்த்துவிட்டோமே என்றேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் இன்னும் குனிந்துகொண்டார். இவர் உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

திங்கட்கிழமை காலையில் நான் வண்டியை வெளியே எடுத்து, ஹெல்மெட்டை மாட்டினேன். இவர் கடைச் சாவியோடு வாசலில் நின்றார். ஷேர் ஆட்டோ ஒன்றும் வரவில்லை. தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கடைசியில், போகிற வழிதானே என்று முனகிக்கொண்டே பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. முன்சக்கரம் ஏறியது, முன்பக்கம் மெதுவாக அமுங்கி எழுந்தது. டங்கென்ற சத்தம் இல்லை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

"ஏங்க, இப்ப ஒங்க வெயிட் எவ்வளவு?" என்று கேட்டேன்.

கண்ணாடியிலிருந்து அவர் முகம் விலகிக்கொண்டது.